முறைவேலை: வகுக்கும் வகையும் காக்கும் கடமையும்

நன்செய் வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கு ‘முறை’ என்னும் சொல்லை விளக்கிக் கூற வேண்டுவதில்லை. ஏரியில் நீர் குறைந்த காலத்தில் எல்லா வயல்களுக்கும் ஒரே நேரத்தில் மடை திறந்தால் ஒருவர் வயலும் நிரம்பாது. ஆகையால் நம் முன்னோர் முறை வைத்து நீர் பாய்ச்சினர். ஒரு சுற்றில் பகல் முறை பெற்றவர் மறு சுற்றில் இரவு முறையை ஏற்றார். நள்ளிரவில் மண்வெட்டியும் விளக்கும் கொண்டு வரப்பில் நிற்கும் துன்பம் ஒருவருக்கே உரியதாய் இராமல் ஊரார் அனைவருக்கும் பொதுவாயிற்று.

நெசவாளர்களுக்கும் இது புதிதன்று. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் வேலையை வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும். எனவே நான்கு வீட்டார் விடியற்காலையில் கூடி ஒருவர் பாவுக்கு மற்றவர் கைகொடுப்பர். மறுநாள் மற்றவர் பாவுக்கு இவர் கைகொடுப்பார்.

வேலையை அதற்குரிய நேரத்தோடு பொருத்துவது ஒன்று. அதனால் வரும் சுமையைச் சமமாகப் பகிர்ந்துகொள்வது மற்றொன்று. ஆலைகளில் ‘ஷிப்டு’ என்று வழங்கும் முறைவேலையின் தத்துவம் இவ்விரண்டில் அடங்கும். நம் சங்கங்கள் இன்று நூற்பாலை, சர்க்கரை ஆலை, ஜின்னிங் ஆலை, சாயச்சாலை, பால் குளிர்விப்பு நிலையம் எனப் பல தொழில்களை நடத்துகின்றன. அங்கு முறைவேலையை வகுப்பது மானேஜரின் வேலை என்று நிர்வாகக் குழுவினர் எண்ணிவிடுகின்றனர். அவ்வாறு எண்ணுவது தவறு என்பதை ஒரு நிகழ்ச்சி எனக்குக் கற்பித்தது.

ஒரு கையொப்பத்தின் கதை

பருத்தி விளைவிப்போர் சங்கம் ஒன்றின் ஜின்னிங் ஆலைக்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். பருத்தி வரத்து மிகுந்த பருவம்; ஆலை இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. நான் செல்வதற்குச் சில நாட்களுக்கு முன், விடியற்காலை 4 மணி அளவில், இயந்திரத்தில் பருத்தி ஊட்டிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவரின் வலக்கை உருளையில் சிக்கி இரண்டு விரல்கள் நுனியிழந்தன. “அஜாக்கிரதையினால் நேர்ந்தது” என்று சங்கத்தின் குறிப்பேட்டில் எழுதியிருந்தனர்.

வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். அவ்வேலைக்கு மூன்று முறைகளிலும் ஒவ்வொருவராக மூவர் மட்டுமே இருந்தனர். இரவு முறைக்குரியவர் தம் தாயாரை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு விடுப்பில் இருந்தார். அன்று முதல் ஒன்பது நாட்கள், மாலை முறைக்கும் இரவு முறைக்கும் உரிய கட்டங்களில் ஒரே கையொப்பம் காணப்பட்டது. விபத்து நேர்ந்த பொழுது அத்தொழிலாளி முந்திய நாள் பிற்பகல் 2 மணி முதல் 14 மணி நேரம் இயந்திரத்தருகே நின்றிருந்தார்.

சங்கத் தலைவர் நல்லவர். “ஐயா, நாங்கள் அவனை வற்புறுத்தவில்லை, அவனே ஒப்புக்கொண்டுதான் நின்றான்” என்றார். அவர் கூறியதில் பொய் இல்லை. பின்னர் அத்தொழிலாளியை அவர் வீட்டில் கண்டு, முடியாதென்று ஏன் சொல்லவில்லை என வினவினேன். “எப்படிங்க சொல்வது? தலைவர் எனக்குப் பெரியப்பா முறை” என்றார். உறவு முறை வேலை முறையை விழுங்கிவிட்டது.

மேலும் ஒன்று கூறியாக வேண்டும். மாற்றாள் ஒருவரை நியமிக்கும் யோசனை முந்திய ஆண்டில் குழுவின் முன் வந்து, செலவுச் சுருக்கம் கருதித் தள்ளப்பட்டிருந்தது. அவ்வாண்டின் ஆய்வுக் குறிப்பில், “சிப்பந்திச் செலவு குறைவு, திருப்திகரம்” என்று எழுதப்பட்டிருந்தது. அதை எழுதியவன் நானே. இக்கட்டுரையை எழுத நேர்ந்ததற்கு அதுவே காரணம்.

முறைவேலை வேண்டுமா?

முதலில் ஆராய வேண்டியது, முறைவேலை நம் சங்கத்திற்குத் தேவையா என்பதாகும். அதற்கு மூன்று நியாயமான காரணங்கள் உண்டு.

முதலாவது, காத்திராத பொருள். வெட்டிய கரும்பு நாள் கடந்தால் எடையையும் சர்க்கரைச் சத்தையும் இழக்கும். கறந்த பால் குளிர்விக்கப்படாவிடில் திரிந்துபோகும். இரண்டாவது, நிறுத்தி நிறுத்தி ஓட்ட இயலாத இயந்திரம். சர்க்கரை ஆலையின் கொதிகலனை மாலைதோறும் அணைத்துக் காலைதோறும் மூட்டினால் எரிபொருளும் பொழுதும் வீணாகும். சாறு இடைவழியில் தங்கிக் கெடும். அதனால்தான் அரவைப் பருவம் முழுவதும் ஆலை இரவிலும் ஓடுகிறது. மூன்றாவது, பெருமுதல் முடங்கிய இயந்திரம். கடன் வாங்கி நிறுவிய நூற்பாலையின் கதிர்கள் இரவில் ஓய்ந்திருந்தாலும் கடனுக்குரிய வட்டி ஓய்வதில்லை.

இம்மூன்றில் ஒன்றும் பொருந்தாத இடத்தில் இரவு முறை வேண்டுவதில்லை. சங்கத்தின் நூல் கிடங்கையும் விற்பனை நிலையத்தையும் இரவில் திறந்து வைப்பதால் ஆதாயம் இல்லை. சாயச்சாலையைப் பற்றித் தனியே ஒன்று கூற வேண்டும். பகலொளியில் ஒத்திருக்கும் இரு நிறங்கள் விளக்கொளியில் வேறுபட்டுத் தோன்றலாம். விளக்கொளியில் ஒத்தவை பகலில் வேறுபடலாம். இரவில் மாதிரியோடு ஒத்துப் பார்த்துத் தோய்த்த நூல் சேலையாகி வந்தபின் முந்தானை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாய்க் காணப்பட்டால் நஷ்டம் சங்கத்தையே சாரும். நிறம் பார்க்கும் வேலையைப் பகல் முறையில் அமைத்தலே அறிவுடைமை.

வேலையை எண்ணுக, பின்னர் ஆளை எண்ணுக

முறைவேலை என்றவுடன் மூன்று முறைகளே பலர் நினைவுக்கு வருகின்றன. அது முழு உண்மையன்று. ஒரே பகலுக்குள் வெவ்வேறு நேரத்தில் வேலை தொடங்குவோராக ஆட்களைப் பிரித்தமைப்பதும் ஒருவகை முறைவேலையே.

எடுத்துக்காட்டாக, பத்துப் பேர் வேலை செய்யும் சாயச்சாலை ஒன்றைக் கொள்வோம். பத்துப் பேரும் காலை 9 மணிக்கு வருகின்றனர். அடுப்பு மூட்டித் தொட்டி நீர் கொதிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது. அதுவரை எண்மர் வாளா இருக்கின்றனர். மாலை 5 மணிக்கு வேலை முடியும்போது கடைசித் தோய்ப்பு அலசப்படாமல் கிடக்கிறது. ஆகவே எல்லோரும் 7 மணி வரை நிற்கின்றனர். மிகைநேரக் கூலி ஏறுகிறது. காலை வெயிலில் உலர்ந்திருக்க வேண்டிய நூலோ மறுநாள் வரை ஈரமாய்க் கிடக்கிறது.

இச்சாலையின் காரியதரிசி ஒரு தாளில் காலை 6 மணி முதல் இரவு 8 மணி வரை மணிக்கொரு கோடு இட்டு, ஒவ்வொரு மணியிலும் நடைபெறும் வேலை யாது, அதற்கு உண்மையில் எத்தனை பேர் வேண்டும் என்று இரண்டு வாரங்களுக்குக் குறித்து வருவாராயின் உண்மை விளங்கிவிடும். அடுப்பு மூட்டவும் நூலை வேகவைக்கவும் மூவர் 6 மணிக்கும், தோய்ப்பு வேலைக்கு ஐவர் 8 மணிக்கும், அலசி உலர்த்தி மறுநாளுக்கு வேண்டிய நூலை எடுத்து வைக்க இருவர் 10 மணிக்கும் வந்தால் போதும். ஒருவரையும் புதிதாய் நியமியாமலே மிகைநேரம் நீங்கும். உலர்த்தும் கொடிக்கு வெயிலும் கிட்டும். இங்கு வெவ்வேறு வகை வேலைகள் வெவ்வேறு நேரத்தில் தொடங்குகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே வகை வேலைக்கு இரண்டு முறையினர் ஒரே நேரத்தில் இருப்பதை 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தடுத்திருந்தது. ஆள் கணக்கில் மறைப்பு நேராதிருக்கச் செய்த ஏற்பாடு அது.

கோடிட்ட தாள் ஒன்றும் ஒரு பென்சிலும் இருந்தால் இக்கணிப்பைச் செய்யலாம். இன்று கணிப்பொறியில் அட்டவணை வகுத்துத் தரும் ஏற்பாடுகளும் உண்டு. ஆயினும் வேலையை எண்ணாமல் ஆளை எண்ணினால் தாளும் பயன்படாது, கணிப்பொறியும் பயன்படாது.

மூன்று முறைக்கு மூவர் போதுமா?

இனி முக்கியமான கணக்குக்கு வருவோம். இதைக் குழுவினர் ஒவ்வொருவரும் ஒரு முறை தம் கையாலேயே போட்டுப் பார்க்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்டில் ஒரு நாளும் நில்லாமல் மூன்று முறையும் ஓடும் ஓர் இடத்திற்கு 365 × 3 = 1095 முறைகளுக்கு ஆள் வேண்டும். ஒரு தொழிலாளி ஆண்டில் எத்தனை நாள் வருவார்? வார விடுமுறை 52 நாட்கள். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி 9 நாட்கள். உழைத்த 20 நாட்களுக்கு ஒரு நாள் வீதம் ஈட்டிய விடுப்பு ஏறக்குறைய 14 நாட்கள். நோய், திருமணம், துக்கம் முதலியவற்றிற்கு 10 நாட்கள் என்று நாமே ஒரு மதிப்பு வைத்துக்கொள்வோம். ஆக 85 நாட்கள். எஞ்சியவை 280. 1095-ஐ 280-ஆல் வகுத்தால் 3.91 வருகிறது. அதாவது, ஓர் இடத்திற்கு நால்வர் வேண்டும், மூவர் அல்லர்.

வார விடுமுறையிலும் பண்டிகை விடுமுறையிலும் மூடப்படும் ஆலையாயின், ஓடும் நாட்கள் 304; முறைகள் 912. ஒருவர் வருவது முன்போல் 280 நாட்கள். வகுத்தால் 3.26. இத்தகைய இடங்கள் மூன்று இருந்தால் 9.77; அதாவது பத்துப் பேர். ஒன்பது பேரை வைத்துக்கொண்டு நடத்தும் சங்கம் பத்தாவது ஆளின் வேலையை அவ்வொன்பது பேரின் தூக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

“பத்தாவது ஆளின் சம்பளம் மிச்சந்தானே?” என்று சிலர் கேட்கலாம். அதையும் கணக்கிடுவோம். மூன்று இடங்களுக்கு ஆண்டில் வேண்டியவை 2736 முறைகள். ஒன்பது பேர் வருவது 2520. குறைவது 216. இவற்றை மிகைநேரமாகச் செய்வித்தால் சட்டப்படி இரட்டைக் கூலி; ஆக 432 நாள் கூலி. பத்தாவது ஆளுக்கு ஆண்டின் எல்லா நாட்களுக்கும் கூலி கொடுத்தாலும் 365 நாள் கூலிக்கு மேற்படாது. எனவே ஆளைக் குறைத்ததால் மிச்சம் காட்டும் சங்கத்தின் கணக்கில் ஒன்றைத் துணிந்து கூறலாம்: இரட்டைக் கூலி கொடுக்கப்படவில்லை. அம்மிச்சம் தொழிலாளியின் மடியிலிருந்து வந்தது. நான் முன்னர்க் ‘திருப்திகரம்’ என்று எழுதியது இத்தகைய மிச்சத்தையே.

சுழற்சியை அமைக்கும் வகை

இரவு முறையை ஒருவருக்கே நிலையாக ஒதுக்குவது நீதியன்று. ஆகையால் முறைகள் சுழல வேண்டும். எவ்வாறு சுழல வேண்டும் என்பதில் உடலின் இயல்பை அறிந்து நடத்தல் நலம்.

நம் உடலுக்குள் இரவையும் பகலையும் அறியும் ஒரு கடிகாரம் உண்டு. அது இயங்கும் விதத்தை ஆராய்ந்த ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ரோஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கு 2017-ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. இக்கடிகாரப்படி விடியலுக்கு முந்திய மணிகளில் உடற்சூடு தாழ்ந்து, விழிப்பும் கவனமும் மிகக் குறைகின்றன. நாம் மேலே கண்ட விபத்து 4 மணிக்கு நேர்ந்தது வியப்பன்று. பகலில் எவ்வளவு தூங்கினாலும் இரவுத் தூக்கத்திற்கு அது முற்றும் ஈடாவதில்லை. உடற்கடிகாரத்தைக் குலைக்கும் இரவு வேலை புற்றுநோய்க்கு ஏதுவாகக் கூடியது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2007-லும் மீண்டும் 2019-லும் வகைப்படுத்தியிருக்கிறது. எனவே இரவு முறையைத் தேவைக்கு மேல் ஒரு நாளும் நீட்டலாகாது.

பெரும்பாலோருடைய உடற்கடிகாரத்தின் நாள் 24 மணிக்குச் சிறிது மிகையானது. அதனால் முன்னேரத்தில் தூங்க முயல்வதைவிடத் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது. ஆகவே காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிச் சுழல்வதே நன்று. இதை மாற்றி, இரவு 10 மணிக்கு மாலை முறை முடித்தவரை மறுநாள் காலை 6 மணிக்கு அழைத்தால் இடையில் 8 மணி நேரமே உண்டு. அதில் போக்குவரவும் குளியலும் உணவும் போக, தூங்குவதற்கு ஐந்து மணி நேரங்கூட மிஞ்சாது.

நில்லாமல் ஓடும் ஆலைக்கு ஏற்ற எளிய சுழற்சி ஒன்றைக் கீழே தருகிறேன். தொழிலாளரை அ, ஆ, இ, ஈ என்று நான்கு குழுக்களாகப் பிரித்துக்கொள்க. காலை 6 முதல் 2 வரை, பிற்பகல் 2 முதல் 10 வரை, இரவு 10 முதல் 6 வரை என மூன்று முறைகள்.

1, 2-ஆம் நாட்கள்: அ காலை, ஆ மாலை, இ இரவு, ஈ ஓய்வு.
3, 4-ஆம் நாட்கள்: ஈ காலை, அ மாலை, ஆ இரவு, இ ஓய்வு.
5, 6-ஆம் நாட்கள்: இ காலை, ஈ மாலை, அ இரவு, ஆ ஓய்வு.
7, 8-ஆம் நாட்கள்: ஆ காலை, இ மாலை, ஈ இரவு, அ ஓய்வு.

ஒன்பதாம் நாள் முதற்சுற்று மீண்டும் தொடங்கும். இதன் பயன்களைக் காண்க. ஒருவரும் தொடர்ந்து இரண்டு இரவுகளுக்கு மேல் விழிப்பதில்லை. முறை மாறும்போது இடையில் 24 மணி நேர ஓய்வு கிடைக்கிறது. இரண்டாம் இரவு முடித்து ஏழாம் நாள் காலை 6 மணிக்கு வெளிவருபவர் ஒன்பதாம் நாள் காலை 6 மணிக்கே திரும்புகிறார். 48 மணி நேர ஓய்வு. எந்த ஏழு நாட்களை எடுத்துக்கொண்டாலும் வேலை 48 மணி நேரத்திற்கு மிகுவதில்லை.

குறையும் ஒன்று உண்டு. அதை மறைத்தல் தகாது. ஓய்வு நாள் ஞாயிற்றுக்கிழமையாகவோ சந்தை நாளாகவோ நிலைத்து நில்லாது. ஆயினும் எட்டு வாரங்களில் ஒவ்வொருவருக்கும் வரும் 14 ஓய்வு நாட்களில் வாரத்தின் ஒவ்வொரு கிழமையும் இரண்டு முறை வருகிறது. இதைத் தொழிலாளருக்கு முன்னரே விளக்கி, அவர்கள் ஒப்புதலைப் பெற்றுத் தொடங்கினால் மனக்கசப்பு நேராது.

ஞாயிறுதோறும் மூடி, வாரந்தோறும் முறை மாறும் ஆலைகளில் வேறொரு குறை உண்டு. சனி இரவு முறை முடித்து ஞாயிறு காலை 6 மணிக்கு வெளிவரும் குழு, திங்கள் காலை 6 மணிக்கே காலை முறைக்கு வர நேர்கிறது. வார விடுமுறை என்று பெயரிருந்தும் அது உறங்கிக் கழிந்த விடுமுறையாகிவிடும். அத்திங்களன்று மாற்றாட்களைக் கொண்டு அவர்களுள் சிலருக்கேனும் விடுப்பளிக்க முடியுமா என்று குழுவினர் ஆராய்க.

சட்டம் கூறுவது

வேலை நேரத்திற்கு எல்லை வேண்டுமென்பது கூட்டுறவாளருக்குப் புறம்பான கருத்தன்று. கூட்டுறவு இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ராபர்ட் ஓவன், ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் என்னுமிடத்தில் நூற்பாலை நடத்தியவர். தம் ஆலையில் வேலை நேரத்தைக் குறைத்துக் காட்டிய அவர், 1817-லேயே எட்டு மணி நேர வேலை என்னும் இலட்சியத்தை முன்வைத்தார். 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே, தொழிற்சாலைகளில் நாளுக்கு 8 மணி, வாரத்திற்கு 48 மணி என்பதாகும். நம் நாட்டிலோ 1922-ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்திற்கு 60 மணி என்றது. 1934-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளுக்கு 54 என்றது. 1946-ல் அது 48 ஆயிற்று. ஐந்து மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வு, மிகைநேரத்திற்கு இரட்டைக் கூலி, வேலை நேர அறிவிப்பைப் பலகையில் ஒட்டுதல் ஆகியவற்றை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் உறுதிப்படுத்தியது.

2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழிற் பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய நெறித்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. அதன்படி நாள் வேலை 8 மணி நேரம். மிகைநேர வேலைக்குத் தொழிலாளியின் சம்மதம் வேண்டும். அதற்குக் கூலி இரட்டிப்பு. பெண்கள் இரவில் ஆலைகளில் வேலை செய்வதை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டில் அத்தடை செல்லாதெனத் தீர்ப்பளித்தது. புதிய நெறித்தொகுப்பு, அவர்கள் சம்மதத்தின் பேரிலும் தக்க பாதுகாப்பின் பேரிலும் அதனை அனுமதிக்கிறது. விதிகளின் நுணுக்கங்களைத் தொழிற்சாலை ஆய்வாளரிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது சங்கத்தின் கடமை.

‘சம்மதம்’ என்னும் சொல்லை நம் சங்கங்கள் மிகக் கவனமாக எடையிட வேண்டும். தனியார் ஆலையில் முதலாளி வேறு, தொழிலாளி வேறு. நம் சங்கத்திலோ தலைவர் தொழிலாளிக்குப் பெரியப்பா, மானேஜர் மாமன், குழுவினர் அண்டை வயற்காரர். அவர்கள் கேட்டு ஒருவர் தலையசைப்பதைச் சம்மதம் என்று கொள்ளலாகாது. ஆகையால் ஒருவரும் அடுத்தடுத்த இரண்டு முறைகளில் நிற்றல் கூடாது என்பதை, சம்மதம் இருப்பினும் இல்லாவிடினும், குழு தீர்மானமாகவே நிறைவேற்றி வைத்தல் வேண்டும். முடியாதென்று சொல்ல நாவெழாத தொழிலாளிக்காகத் தீர்மானம் பேசும்.

பொறுப்பு மாற்றும் புத்தகம்

முறை மாறும் நேரமே வேலை கெடும் நேரம். சாயத் தொட்டியில் காஸ்டிக் சோடாவும் ஹைட்ரோஸும் எவ்வளவு இட்டோம் என்பதைச் சொல்லாமல் முதல் முறையினர் சென்றுவிட்டால், அடுத்து வருபவர் மீண்டும் இடுவார், நிறம் மாறும். இயந்திரத்தின் காப்புத் தகடு தளர்ந்திருப்பதை மாலை முறையினர் கண்டும் கூறாமற் சென்றால், இரவு முறையினரின் கை அதற்கு விலையாகும்.

எனவே ஒவ்வொரு பிரிவிலும் ஒரு புத்தகம் இருக்கட்டும். ஓடும் வேலை யாது, கையிருப்பு எவ்வளவு, பழுது ஏதேனும் உண்டா, வராதவர் யார் ஆகிய நான்கு வினாக்களுக்கு விடை எழுதி, விடுபவரும் ஏற்பவரும் கையொப்பமிடுக. வாரத்திற்கொரு முறை குழுவினர் ஒருவர் அதைப் படித்துக் கையொப்பமிடுக. படிப்பார் இல்லாத புத்தகத்தை எழுதுவாரும் இலர்.

யாருக்கு எந்த முறை?

எல்லாரும் பல்லக்கு ஏறினால் பல்லக்கைத் தூக்குவது யார் என்பது பழமொழி. எல்லோருக்கும் காலை முறையே வேண்டும். குழுவினரின் உறவினர் காலையிலும், கேட்பாரற்றவர் இரவிலும் வேலை செய்யும் சங்கத்தில், இயந்திரம் ஓடினாலும் கூட்டுறவு ஓடாது. இதைத் தவிர்க்கச் சில வழிகள் உண்டு.

முதல் சுற்றில் எக்குழு எம்முறை என்பதை எல்லோர் முன்னிலையிலும் சீட்டெடுத்துத் தீர்மானிக்கலாம். அட்டவணையை ஒரு மாதம் முன்னதாகவே பலகையில் ஒட்ட வேண்டும். திருமணமும் திருவிழாவும் நாள் குறித்து வருபவை ஆதலின், தொழிலாளர் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்வர். இருவர் தமக்குள் முறை மாற்றிக்கொள்ள விரும்பினால், இருவரும் கையொப்பமிட்டு, அதனால் எவரும் அடுத்தடுத்து இரு முறை நிற்க நேராதாயின் அனுமதிக்கலாம். முறை நேரத்தை வகுக்குமுன் ஊருக்கு முதற் பேருந்து எப்பொழுது வருகிறது, கடைசிப் பேருந்து எப்பொழுது போகிறது என்பதையும் விசாரித்தறிக. இரவு 10 மணிக்கு வேலை முடித்த பெண்ணொருத்தி 9 மணிக்கே கடைசிப் பேருந்து போய்விட்ட சாலையில் நிற்க நேர்ந்தால், அட்டவணை எவ்வளவு அழகாயிருந்தும் பயன் என்ன?

அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள்

மகாசபையில் வரவு செலவு அறிக்கை வாசிக்கப்படும்போது, லாபம் எவ்வளவு, பங்குத் தொகைக்கு ஈவு எவ்வளவு என்று கேட்கிறோம். இனி மற்றொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: “நம் ஆலையில் சென்ற ஆண்டு ஒருவரே தொடர்ந்து இரண்டு முறை நின்ற நாட்கள் எத்தனை?” விடை பூஜ்யமாயிருந்தால் குழுவைப் பாராட்டுங்கள். வேறாயிருந்தால் மாற்றாளை நியமிக்கச் சொல்லுங்கள். ஈவு சிறிது குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் குறிப்பிட்ட ஜின்னிங் ஆலையில் அடுத்த பருவத்திற்கு முன்பே மாற்றாள் நியமிக்கப்பட்டார். விரலிழந்தவர் இன்று எடைமேடையில் வேலை செய்கிறார். இடக்கையால் எழுதப் பழகியிருக்கிறார். அவர் எழுதும் எடைச்சீட்டுகளைச் சரிபார்க்கும்போதெல்லாம் அவ்வெழுத்தைச் சிறிது நேரம் பார்த்திருப்பது என் வழக்கமாகிவிட்டது. இப்பொழுது எந்தச் சங்கத்துக்குச் சென்றாலும் ரொக்கப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் வருகைப் பதிவேட்டையே கேட்டு வாங்குகிறேன்.

நம் வயலுக்கு முறைநீர் வரும் இரவில் அயலார் விழித்திருந்தனர். அவர்கள் முறையில் நாம் விழித்திருந்தோம். ஒருவரே எல்லா இரவும் விழித்திருக்க வேண்டுமென்று நம் முன்னோர் விதிக்கவில்லை. ஏரிக்கரையில் கற்ற அந்த நீதியை ஆலைக்குள்ளும் நிலைநிறுத்துவோமாக.